ஃபைல் இல்லை என்று திரை சொன்னால்

ஜூன் பிறந்துவிட்டால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர்களில் நிற்க இடம் இருக்காது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, கலந்தாய்வுக் கடிதம் என்று எல்லாமே இப்போது டவுன்லோட்தான். அப்படி ஒரு நாள் நான் இருந்த சென்டருக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மகளின் சான்றிதழைக் கல்லூரியில் ஒப்படைக்க அன்றுதான் கடைசித் தேதி. போனை மேசைமேல் வைத்துவிட்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"தம்பி, மூணு தடவை டவுன்லோட் குடுத்துட்டேன். வந்திருச்சுன்னு காட்டுது, திறந்தா ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் அழுத்துனப்ப ஃபைலே இல்லைங்குது. ரத்து பண்ணிட்டாங்களோ?"

"அக்கா, மறுபடி அழுத்தாதீங்க. போனைக் குடுங்க, பாப்போம்."

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். 'ஃபைல் இல்லை' என்று திரையில் வந்ததும் சான்றிதழே போய்விட்டது என்று நினைத்து, புதிதாக விண்ணப்பம் போட்டு, இரண்டாவது முறை பணம் கட்டி, இன்னும் பத்து நாள் காத்திருக்கிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த அறிவிப்பு உங்கள் சான்றிதழைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நீங்கள் தட்டிய முகவரியில் இப்போது அந்த ஃபைல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தெரு பெயர் தப்பாக எழுதிய கடிதம் திரும்பி வந்தால் ஆள் செத்துப்போனார் என்றா அர்த்தம்? விண்ணப்பத்தின் நிலையைத் தனியாகப் பாருங்கள். 'அங்கீகரிக்கப்பட்டது' என்று அங்கே இருந்தால் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. வழியைத்தான் தேட வேண்டும்.

முதலில் போனையே பாருங்கள். 'ஃபைல்ஸ்' செயலியைத் திறந்து, 'டவுன்லோட்ஸ்' பகுதிக்குப் போய், அளவைக் கவனியுங்கள். அக்காவின் போனில் ஒரே பெயரில் மூன்று ஃபைல்கள் இருந்தன. இரண்டாவதற்குப் பின்னால் (1), மூன்றாவதற்குப் பின்னால் (2). ஒவ்வொன்றும் 3 கேபி. முத்திரையும் க்யூஆர் குறியீடும் உள்ள ஒரு சான்றிதழ் 3 கேபியில் அடங்காது. அதைக் கணினிக்கு மாற்றி நோட்பேடில் திறந்தேன். உண்மையான பிடிஎஃப் ஃபைல் என்றால் முதல் வரியில் சதவீதக் குறியும் அதை ஒட்டி பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். ஜிப் ஃபைல் என்றால் பி, கே என்று தொடங்கும். இதில் இருந்தது < என்ற குறி. அதாவது ஒரு வலைப்பக்கம். 'உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மறுபடி உள்நுழையவும்' என்ற பக்கத்தைப் பிடிஎஃப் பெயரிலேயே போன் மூன்று முறை சேமித்து வைத்திருக்கிறது. திறக்காத பிடிஎஃப் கையில் இருந்தால் முதலில் அளவைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சில தளங்கள் பிழையைப் பிழையாகக் காட்டாமல், பிழைப் பக்கத்தையே ஃபைலாக அனுப்பிவிடுகின்றன.

ஃபைல் பாதியில் நின்றது வேறு சங்கதி. பெயரின் வாலில் 'சிஆர்டவுன்லோட்' என்று ஒட்டியிருந்தால் குரோம் இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். ஃபயர்ஃபாக்ஸில் அதே இடத்தில் 'பார்ட்' என்று இருக்கும். அந்த வாலை அழித்துப் பெயர் மாற்றினால் திறக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி மீனை முழு மீன் என்று எடை போட முடியாது. அழித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

அடுத்தது, திரையில் உள்ள எண். பலர் அதைப் படிக்காமலே பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மருத்துவருக்குத் தெர்மாமீட்டர் எப்படியோ, நமக்கு அந்த எண் அப்படி. 404 என்றால் உங்கள் கேள்வி அந்தத் தளத்தின் கணினிவரை போய்ச் சேர்ந்து, 'இந்த முகவரியில் எதுவும் இல்லை' என்ற பதிலும் வந்துவிட்டது. ஆகவே நெட்வொர்க்கைக் குறை சொல்லவோ, சிக்னல் தேடி மாடி ஏறவோ, கடற்கரைப் பக்கம் நடக்கவோ தேவையில்லை. 410 என்றால் வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். 403 என்றால் உங்களுக்குத் தர அனுமதி இல்லை. ஃபைல் அங்கேயே இருக்கலாம். 500, 502, 503, 504 என்று ஐந்நூறில் எது வந்தாலும் கோளாறு அவர்கள் பக்கம். தேர்வு முடிவு நாளிலும் கடைசித் தேதி நாளிலும் இவைதான் அதிகம் வரும். அப்போது செய்யக்கூடியது காத்திருப்பதுதான். இரவு பதினொன்றுக்கு மேலோ விடியற்காலையிலோ முயன்று பாருங்கள்.

குரோம் சில நேரம் எண்ணைக் காட்டாமல் 'நோ ஃபைல்' அல்லது 'மிஸ்ஸிங் ஃபைல்' என்று மட்டும் சொல்லும். அந்த ஃபைல் தளத்தில் இல்லை, அல்லது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அதற்குப் பொருள். 'ஃபர்பிடன்' என்றால் மேலே சொன்ன 403 வகை. 'டிஸ்க் ஃபுல்' என்றால் போனில் இடம் இல்லை. இது தெரியாமல் தளத்தைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டில் உள்நுழைந்திருக்கிறார். டவர் கிடைக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு பொத்தானை அழுத்தியிருக்கிறார். இத்தகைய தளங்களில் உள்நுழைந்ததும் உங்களுக்கு ஒரு தற்காலிகச் சாவி தரப்படுகிறது. சும்மா விட்டால் கொஞ்ச நேரத்தில் அது செல்லாது. அதுவும் அந்த பிரவுசரில் மட்டும்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கை வேறொரு செயலியின் உள் பிரவுசரில் திறந்தாலோ, மகள் போனில் எடுத்த லிங்கைத் தாய் போனில் திறந்தாலோ, தனியாக ஒரு டவுன்லோட் செயலியிடம் வேலையைக் கொடுத்தாலோ சாவி கூடப் போவதில்லை. பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் புதியவருக்குச் சில தளங்கள் 403 சொல்லும், சில 404 சொல்லும், சில உள்நுழையும் பக்கத்தைக் கொடுக்கும்.

எனவே லிங்கை அனுப்பாதீர்கள். ஃபைலை எடுத்து, ஃபைலையே அனுப்புங்கள். குரோமிலேயே திறந்து, முறையாக வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, சுற்றாமல் உடனே அழுத்துங்கள். பாப்-அப் தடுக்கப்பட்டது என்று முகவரிப் பட்டையில் ஏதாவது தெரிந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், ஏனென்றால் சான்றிதழைப் புதிய சன்னலில்தான் பல தளங்கள் திறக்கின்றன. அக்காவுக்கு இவ்வளவுதான் செய்தோம். முழு அளவில் பிடிஎஃப் இறங்கியது. மகள் பெயரை அதில் பார்த்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

கையால் தட்டுகிற முகவரிகளில் வரும் பிழை வேறு. நோட்டீஸில் அச்சான முகவரியைப் பார்த்துத் தட்டும்போது ஆங்கில ஓ-வும் பூஜ்யமும், சின்ன எல்-லும் எண் ஒன்றும் மாறிவிடும். வரி முடிவில் அச்சகம் போட்ட இணைப்புக்குறியை முகவரியின் பகுதி என்று நினைத்துச் சேர்த்துவிடுவோம். தளத்தின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் ஃபைல் பெயரில் பெரும்பாலான சர்வர்கள் அந்த வித்தியாசம் பார்க்கும். போன் விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் போதும், 404.

தமிழில் எழுதுகிறவர்கள் செய்கிற ஒரு பிழையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முகவரியை எழுதி, அதன் வாலில் இடைவெளி விடாமல் 'இல்' என்றோ 'ஐப் பார்க்கவும்' என்றோ சேர்த்துவிடுகிறோம், அல்லது ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். போன் அதையும் முகவரியோடு சேர்த்து நீல நிறமாக்கும். நூறு பேர் உள்ள ஊர்க் குழுவில் நூறு பேருக்கும் 'ஃபைல் இல்லை'. முகவரியை எப்போதும் தனி வரியில் போடுங்கள்.

இனித் தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள். பள்ளி, பஞ்சாயத்து, சங்கம் என்று தளம் நடத்துகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 'தனுஷ்கோடி' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள 'கோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. இரட்டைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. முதல் வகையில் தனுஷ்கோடி 9 குறியீடு, இரண்டாவதில் 10. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். விண்டோஸ் கணினியில் தட்டிய லிங்க் ஒரு வகை, ஆப்பிள் கணினியிலிருந்து ஏற்றிய ஃபைல் இன்னொரு வகை என்று ஆகிவிட்டால், ஃபைல் கண்முன்னே இருக்கும், லிங்க் 404 சொல்லும். ஆப்பிளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் இத்தகைய எழுத்துகளைப் பிரித்தேதான் வைக்கும். தொண்டி, கோவில், மீனவர் கௌரவம் என்று ஒகர, ஓகார, ஔகாரம் வரும் எந்தப் பெயருக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

'ஸ்ரீ' இதைவிடக் கஷ்டம். ஸ-வில் தொடங்கியும் அதைத் தட்டலாம், ஶ-வில் தொடங்கியும் தட்டலாம். இந்த ஶ யூனிகோடுக்கு 2005-இல்தான் வந்தது. பல எழுத்துருக்களில் இரண்டுமே ஒரே 'ஸ்ரீ'யாகத் தெரிகின்றன. கோவில் திருவிழா அழைப்பிதழை ஏற்றிவிட்டு லிங்க் வேலை செய்யவில்லை என்று தவித்த ஒருவருக்கு இதைக் கண்டுபிடித்துச் சொல்ல எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது.

நீளமும் ஒரு காரணம். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் தேவை. இராமநாதபுரம் என்ற ஒரு சொல்லுக்கு 12 குறியீடு, 36 பைட். இணைய முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 108 இடத்தைப் பிடிக்கும். சர்வர்களில் அதிகம் புழங்கும் லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது தமிழில் 85 குறியீடு. 'இராமநாதபுரம் மாவட்ட நாட்டுப்படகு மீனவர் நலச்சங்க ஆண்டுப் பொதுக்குழு அழைப்பிதழ்' என்று ஆசையாகப் பெயர் வைத்தால் அங்கேயே எல்லையை நெருங்கிவிடும். 

முகவரியில் %20 என்று இருந்தால் அது ஓர் இடைவெளி, பயமில்லை. %25 திரும்பத் திரும்ப வந்தால் ஏற்கெனவே மாற்றிய முகவரியை யாரோ இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு %25-ஐயும் வெறும் % ஆக்கிப் பார்த்தால் பல நேரம் ஃபைல் வந்துவிடும். என் யோசனை: தளத்தில் ஏற்றும் ஃபைலுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமாகப் பெயர் வையுங்கள். தமிழ்த் தலைப்பைப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள், வாசகருக்கு வேண்டியது அதுதான். தமிழை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நம் மக்கள் அந்தத் தாளைப் பெறாமல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

'பதிவு இல்லை' என்று நிலப் பட்டா தேடும்போது வருவது டவுன்லோட் பிழையே அல்ல, தேடிய இடம் தப்பு. நம் மாவட்டத்தில் இது சகஜம். 1985 மார்ச்சில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றானது. இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்கள் அப்போது பிரிந்தவை. தாத்தா பத்திரத்தில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருக்கும், நிலம் இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும். வட்டமும் அப்படித்தான். ஆர்.எஸ்.மங்கலம் திருவாடானையிலிருந்து பிரிந்தது. கீழக்கரையும் பிற்பாடு வந்த வட்டம். பழைய தாளில் உள்ள வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் ஊர் பெயரே வராது. வந்தாலும், ஊரகமா, நத்தமா, நகர்ப்புறமா என்ற தேர்வு மாறினால் 'இல்லை' என்றுதான் வரும். புல எண்ணை உட்பிரிவு செய்திருந்தால் பழைய எண்ணில் ஒன்றும் கிடைக்காது. 112/3 இப்போது 112/3-க்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்ந்து இரண்டாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இன்றைய உட்பிரிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு தேடுங்கள்.

அரசின் மின்-ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் 2015-இல் வந்தது. அதில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஃபைல் அல்ல, அதன் இருப்பிடச் சீட்டு. நீங்கள் தட்டும்போதுதான் அந்தத் துறையின் சேமிப்பிலிருந்து ஃபைல் எடுத்து வரப்படுகிறது. துறையின் சர்வர் படுத்துவிட்டால் டிஜிலாக்கரிலும் கிடைக்காது. அடுத்த நாள் வரும். நாள்கணக்கில் வராவிட்டால் பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால். ஆதாரில் 'முகமது' ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலில், சான்றிதழில் வேறொன்றில். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இந்த ஒரு பெயரால் அலைகிறவர்கள் ஏராளம். ஃபைல் தொலையவில்லை, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியவில்லை. எடுத்தவுடன் பிடிஎஃப்பை போனிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டை நம்பி நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் 'இங்கிருந்து திறக்கவே மாட்டேங்குது' என்பார்கள். இந்திய அரசுத் தளங்கள் சில, பாதுகாப்புக்காக வெளிநாட்டு இணைப்புகளை மறுத்துவிடுகின்றன. 403 வரும், அல்லது சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் இருக்கும் தம்பியோ மனைவியோ எடுத்து அனுப்புவதுதான் நேர் வழி. ஓடிபி அங்கே வரும் என்றால் இருவரும் போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைக் குறித்து அறிக்கை வெளியிடுகிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதை வைத்து அது தயாராகிறது. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் 61 நாள் தடைக்காலம், அப்போதும் இந்த அறிக்கை வராது. அந்த நாள்களில் 'ஃபைல் இல்லை' என்றால் அது உண்மை, ஃபைலே தயாராகவில்லை. நேற்று சேமித்த லிங்கைத் தட்டாதீர்கள், ஃபைல் பெயரில் தேதி இருக்கலாம். பக்கத்தை புக்மார்க் செய்து, ஒவ்வொரு நாளும் அங்கிருந்து எடுங்கள். இதைவிட ஆபத்தானது அலை, காற்று முன்னறிவிப்பு. புதிய படம் கிடைக்காதபோது பிரவுசர் தன்னிடம் உள்ள பழைய படத்தைக் காட்டிவிடலாம். 'அமைதி' என்று நீங்கள் படிப்பது முந்தாநாளின் கடலாக இருக்கலாம். படத்துக்குள் அச்சாகியிருக்கும் தேதியைப் படிக்காமல் வலையை ஏற்றாதீர்கள். தேதி பழையது என்றால் துறைமுகத்தில் ஏற்றியிருக்கும் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்தும் மீன்வளத் துறை சொல்வதைக் கேட்டும் முடிவு செய்யுங்கள்.

பழைய அரசாணை, பழைய அறிவிப்பு போன்றவை தளம் புதுப்பிக்கும்போது காணாமல் போகும். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் 'வேபேக் மெஷின்' தளத்தில் அந்தப் பழைய முகவரியை அப்படியே ஒட்டிப் பாருங்கள், பல நேரம் ஒரு நகல் இருக்கும். உள்நுழைந்து எடுக்கும் சான்றிதழ்கள் அங்கே இருக்காது. ஃபைல் பெயரைப் போட்டுத் தேடும்போது 'இங்கே உடனே கிடைக்கும்' என்று வருகிற தனியார் தளங்களை நம்பாதீர்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். பிடிஎஃப் கேட்ட இடத்தில் ஏபிகே என்ற செயலி ஃபைலை நிறுவச் சொன்னால் அந்த நொடியே வெளியேறுங்கள். பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், நேரம் போகப் போக மீட்பது கடினம்.

எல்லாம் செய்தும் வரவில்லையா, புகார் எழுதுங்கள். 'டவுன்லோட் ஆகவில்லை' என்று மட்டும் எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: 'ஜூன் 12, காலை 10.40. விண்ணப்ப எண் இது. நிலை, அங்கீகரிக்கப்பட்டது. டவுன்லோட் பொத்தானை அழுத்தினால் 404 வருகிறது. குரோம், ஆண்ட்ராய்டு போன். வேறொரு போனிலும் கணினியிலும் பார்த்தேன், அதே 404. முகவரிப் பட்டை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். கல்லூரியில் ஒப்படைக்கக் கடைசி நாள் ஜூன் 16.' ஆதார் எண்ணையும் ஓடிபியையும் அதில் எழுத வேண்டாம். புகார் எண் வந்ததும் அதைக் கல்லூரி அலுவலகத்தில் காட்டி, எழுத்துமூலம் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.